படம் வருகிறது, கணக்குத்தான் வரவில்லை: 4எஃப் ஒளி மேசையில் பழுது தேடுதல்

ஒரு லேசரும் இரண்டு லென்ஸும் வைத்து 4எஃப் மேசை (நான்கு குவிய தூரம் நீளத்தில், ஒளியாலேயே படத்தை வடிகட்டும் அமைப்பு) அமைத்துவிட்டீர்கள். துணியின் படத்தில் பாவு (நீளவாக்கு) இழைகளை மட்டும் நீக்கலாம், ஓரங்களை மட்டும் எடுத்துக் காட்டலாம், அறுந்த இழையைக் கண்டுபிடிக்கலாம் என்றெல்லாம் படித்துவிட்டு உட்கார்ந்தால், கேமராவில் வளையம் வளையமாக ஏதோ வருகிறது. இல்லையென்றால் படம் அழகாக வருகிறது, ஆனால் வடிகட்டியை வைத்தாலும் எடுத்தாலும் ஒன்றுதான். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மேசையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எண்களுக்கு அது வேண்டும். 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர். கற்றையை விரிக்க 10எக்ஸ் மைக்ரோஸ்கோப் அப்ஜெக்டிவ், அதன் குவியத்தில் 25 மைக்ரான் ஊசித்துளை. விரிந்து வரும் ஒளியை இணைக்கற்றையாக்க 300 மி.மீ. லென்ஸ். அப்புறம் உள்ளீடு, அதாவது சோதிக்க வேண்டிய வலை, துணி அல்லது படம். அதிலிருந்து 200 மி.மீ. தள்ளி முதல் லென்ஸ், இன்னொரு 200 தள்ளி ஃபூரியர் தளம், அடுத்த 200இல் இரண்டாவது லென்ஸ், கடைசி 200இல் லென்ஸைக் கழற்றிய வெப்கேம். இரண்டு லென்ஸுக்கும் குவிய தூரம் 200 மி.மீ.

முதல் லென்ஸைத் தாண்டியதுமே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. படத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு அமைப்பும் ஃபூரியர் தளத்தில் தனித்தனிப் புள்ளியாக விழும். இப்படிப் பிரித்துப் போடுவதுதான் ஃபூரியர் மாற்றம், அந்தப் புள்ளிகளின் தொகுப்பைத்தான் இங்கே நிறமாலை என்கிறேன். வடிகட்டி என்பது இந்தத் தளத்தில் சில புள்ளிகளை மறைக்க வைக்கும் பொருள். நடுவிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி விழும் என்றால்: அலைநீளம், குவிய தூரம், மில்லிமீட்டருக்கு எத்தனை இழை, மூன்றையும் பெருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் சென்டிமீட்டருக்கு 77 இழை உள்ள வலை கிடைக்கும். அதை வைத்தால் புள்ளிகள் 0.97 மி.மீ. இடைவெளியில் விழும். கண்ணுக்கும் கைக்கும் வசதியான அளவு. அதே மேசையில் அங்குலத்துக்கு 80 இழை உள்ள வேட்டித் துணியை வைத்தால் இடைவெளி 0.4 மி.மீ.தான். பிளேடை வைத்து ஒரு வரிசையைத் தனியாக மறைக்க அது போதாது. ஆகவே மேசை சரியாகும்வரை துணியைத் தொடவேண்டாம், வலையை வைத்தே வேலை பாருங்கள்.

இன்னொன்று. ஏதாவது சரியில்லை என்றால் உடனே ஸ்க்ரூவைத் திருகும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. திருகுவதற்கு முன், கோளாறு ஒளியில் இருக்கிறதா, பொருட்களின் இடத்தில் இருக்கிறதா, அல்லது கோளாறே இல்லையா என்று பார்க்க வேண்டும். அதிக நேரத்தைத் தின்பது இந்த மூன்றாவது வகைதான். மேசை சரியான விடையைத்தான் காட்டும். நாம் வேறு விடையை எதிர்பார்த்து அதைக் கெடுத்துக்கொண்டிருப்போம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. கற்றையின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டு போகாதீர்கள். எதைப் பார்ப்பதானாலும் வெள்ளை அட்டையில் பாருங்கள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சேலத்தில் வெள்ளிக்குப் பஞ்சமில்லை, பளபளக்கும் வெள்ளி மோதிரம் ஒரு கண்ணாடிதான். மலிவான பச்சை லேசர் பாயின்டர்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து வரும் என்பதால் அவற்றை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

"விரிந்த கற்றையிலேயே வளையங்கள், கோடுகள்"

உள்ளீடு எதுவும் இல்லாமல், 300 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடியுங்கள். ஒரே சீராக, நடுவில் பிரகாசமாகி ஓரத்தில் மெதுவாக மங்கும் வட்டம் தெரிய வேண்டும். அதற்குப் பதில் சின்னச் சின்ன வளையங்கள் தெரிந்தால் அவை தூசியின் கைவேலை. ஒற்றை அலைநீள ஒளியில் ஒவ்வொரு தூசியும் தன்னைச் சுற்றி விளிம்பு விளைவு வளையங்களைப் போடும்.

எந்தத் தூசி என்று கண்டுபிடிக்க வழி உண்டு. பாகங்களை ஒவ்வொன்றாக, அதன் பிடிக்குள்ளேயே லேசாகத் திருப்புங்கள். எதைத் திருப்பும்போது வளையங்களும் சேர்ந்து திரும்புகின்றனவோ அங்கேதான் அழுக்கு. அப்ஜெக்டிவுக்கு முன்னால் உள்ள தூசியை ஊசித்துளை வடிகட்டிவிடும், அதற்காகத்தான் அது இருக்கிறது. துளைக்கு முந்தின தூசியும் வளையமாகத் தெரிகிறது என்றால் துளை சரியான இடத்தில் இல்லை, அல்லது மிகப் பெரிது. 0.8 மி.மீ. கற்றை இந்த அப்ஜெக்டிவில் சுமார் 16 மைக்ரான் புள்ளியாகக் குவியும். 25 மைக்ரான் துளை அதற்குப் பொருத்தம். 100 மைக்ரான் துளையை வாங்கி வைத்தால் சீர்ப்படுத்துவது சுலபம், ஆனால் வடிகட்டுவது குறைவு.

வளையம் இல்லாமல் இணைகோடுகளாக வந்தால், இரண்டு கண்ணாடிப் பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுகிறது. கேமரா சென்சாருக்கு மேல் இருக்கும் கண்ணாடித் தகட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அட்டையில் கோடு இல்லை, கேமராவில் மட்டும் இருக்கிறது என்றால் அதுதான். கேமராவைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் கோடுகள் நெருங்கி மறைந்துவிடும்.

"நடுப்புள்ளி கூர்மையாக இல்லை, வலையை நகர்த்தினால் புள்ளிகளும் நகர்கின்றன"

மேசையில் இருக்கும் சோதனைகளிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வலையைப் பக்கவாட்டில் இழுங்கள். ஃபூரியர் தளத்தில் இருக்கும் புள்ளிகள் அசையவே கூடாது. வலையைச் சுழற்றினால் புள்ளிகள் சுழல வேண்டும். அதன் இழை நெருக்கம் மாறினால் புள்ளிகள் விரியவோ சுருங்கவோ வேண்டும். ஆனால் இடம் மாற்றினால் மட்டும் எதுவும் நகரக்கூடாது. படம் இடம் மாறியதைப் பற்றிய தகவல் ஒளியின் கட்டத்தில் (phase, அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பது) ஒளிந்துகொள்ளும். அட்டையோ கேமராவோ கட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே வலையோடு சேர்ந்து உருவம் நகர்ந்தால் நீங்கள் அட்டையை ஃபூரியர் தளத்தில் பிடிக்கவில்லை. முன்னும் பின்னும் நகர்த்தி, வலையை ஆட்டும்போது அசையாமல் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். ஸ்கேலால் 200 மி.மீ. அளந்து வைப்பதைவிட இது நம்பகமானது. லென்ஸ் பெட்டியில் போட்டிருக்கும் குவிய தூரம் எப்போதும் அப்படியே இருப்பதில்லை, அதுவும் மஞ்சள் அல்லது பச்சை ஒளிக்கு எழுதியிருப்பார்கள்.

அசையாத இடம் கிடைத்தது, ஆனால் அது 200 மி.மீ.க்கு வெகு தூரத்தில் இருக்கிறது என்றால் கற்றை இணையாக இல்லை. 300 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கண்ணாடியை வைத்து ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். திரும்பி வரும் ஒளி ஊசித்துளைத் தகட்டின் மேல், துளைக்குப் பக்கத்தில், கூர்மையான சின்னப் புள்ளியாக விழ வேண்டும். அது பெரிய வட்டமாக விழுந்தால் லென்ஸை நகர்த்திப் புள்ளியாக்குங்கள். அறை நீளமாக இருந்தால் இன்னும் சுலபம்: ஒரு மீட்டரிலும் ஆறு மீட்டரிலும் கற்றையின் விட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் மேசையில் அது சுமார் 15 மி.மீ. இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் நடுப்புள்ளியின் விட்டம் ஏறக்குறைய 11 மைக்ரான். அட்டையில் அது கூசும் பொட்டாகத்தான் தெரியும். கேமராவில் அளந்தால் பெரிதாகக் காட்டும், காரணம் அந்த இடத்தில் ஒளி அதிகமாகி சென்சார் நிறைவுற்றுப் போயிருக்கும். வெப்கேமின் தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு, நடுப்புள்ளியே கொஞ்சம் மங்கலாகத் தெரியும் அளவுக்குக் குறையுங்கள். அப்போது ஓரப் புள்ளிகள் காணாமல் போகும். பதறவேண்டாம், 256 படிகள் உள்ள கேமராவில் இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. இரண்டு எக்ஸ்போஷரில் தனித்தனியாக எடுங்கள்.

"வலைக்குப் புள்ளி வந்தது, துணிக்கு வெறும் மங்கல்தான்"

சேலத்தின் அம்மாப்பேட்டைப் பகுதியிலோ குகைப் பகுதியிலோ தறிக்காரர் வீட்டில் கேட்டு வாங்கிய துணியை வைத்திருப்பீர்கள். நூல் என்பது கம்பி இல்லை. தடிமன் மாறும், ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும், கஞ்சி போட்டிருந்தால் இழைக்கு நடுவே படலம் இருக்கும். இவை எல்லாமே ஒளியைச் சிதறடிக்கும். நெருக்கமாக நெய்த பட்டில் இழைகளுக்கு நடுவே திறப்பே கம்மி. முதலில் மெல்லிய பருத்தித் துணியை எடுங்கள், கஞ்சியை அலசிவிடுங்கள். அப்புறம் எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கிப் பிடியுங்கள். துணி ஒரு டிகிரி திரும்பினாலே, நடுவிலிருந்து 4 மி.மீ. தள்ளி இருக்கும் புள்ளி 70 மைக்ரான் நகர்ந்துவிடும்.

நெசவில் வரும் குறையைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மேசை என்றால் வழி இது: நல்ல துணியின் ஒழுங்கான புள்ளிகள் அத்தனையையும் மறைக்கும் ஒரு முகமூடி. ஒழுங்கு எல்லாம் அங்கே நின்றுவிடும். அறுந்த இழை, முடிச்சு, விட்டுப்போன ஊடை (குறுக்கு இழை) போன்றவற்றின் ஒளி ஃபூரியர் தளம் முழுக்கப் பரவியிருப்பதால் முகமூடியைத் தாண்டி வந்துவிடும். இருண்ட படத்தில் குறை மட்டும் ஒளிரும். துணி பக்கவாட்டில் ஓடினாலும் புள்ளிகள் நகராது என்று பார்த்தோமே, முகமூடியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு துணியை ஓட்ட முடிவது அதனால்தான். ஆனால் துணியை இழுத்தால் இழை நெருக்கம் மாறும், புள்ளி முகமூடியின் ஓட்டையில் நழுவிவிடும். குறை இல்லாத துணியும் திடீரென்று முழுக்க ஒளிர்ந்தால் இழுவையைத்தான் பார்க்க வேண்டும்.

"என் படத்தில் இல்லாத புள்ளிகள் எங்கிருந்து வந்தன?"

ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட்டில் அச்சடித்த படம்தானே? லேசர் பிரின்டர் சாம்பல் நிறத்தைச் சாம்பலாக அச்சடிப்பதில்லை. கருப்புப் பொட்டுகளின் வரிசையாகத்தான் அச்சடிக்கும். மேசை அந்த வரிசையைக் கண்டுபிடித்துக் காட்டுகிறது. ஷீட்டைக் குறை சொல்லாதீர்கள், இதையே முதல் செயல்விளக்கமாக வைத்துக்கொள்ளலாம்: ஃபூரியர் தளத்தில் நடுப்பகுதியை மட்டும் விடும் சின்னத் துளையை வையுங்கள், பொட்டுகள் மறைந்து மென்மையான சாம்பல் படம் வரும். ஓஎச்பி ஷீட்டின் தடிமன் சீராக இருக்காது என்பதால் நடுப்புள்ளியும் கொஞ்சம் கலைந்து தெரியும், அதைத் தவிர்க்க முடியாது. ஃபிலிமில் வேலை செய்த காலத்தில் இதற்காகவே ஃபிலிமை எண்ணெய்க்குள் அமிழ்த்தி இரண்டு தட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே வைப்பார்கள்.

பழைய புரொஜெக்டரிலிருந்து எல்சிடி தகடு கழற்றி உள்ளீடாக வைத்தவர்களுக்கும் இதே கதை. பிக்சல் இடைவெளி 20 மைக்ரான் என்றால், மொத்த நிறமாலையும் 6.3 மி.மீ.க்கு ஒரு முறை பிரதி பிரதியாக வரும். நடுப்பிரதியை மட்டும் விட்டு மற்றதை மறைத்துவிடுங்கள்.

"வடிகட்டியை வைத்தால் ஒரு பக்கம் மட்டும் இருட்டாகிறது"

வடிகட்டி ஃபூரியர் தளத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா?

சவரப் பிளேடு ஒன்றை எடுத்து வடிகட்டியின் இடத்தில் இடப்பக்கமிருந்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உள்ளீட்டில் எதுவும் இருக்கக்கூடாது. கடைசித் தளத்தில் கேமராவுக்குப் பதில் வெள்ளை அட்டை. கேமராவை வைத்தால் அதன் மென்பொருள் இடவலத்தை மாற்றிக் காட்டிக் குழப்பும். இப்போது அட்டையில் நிழல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். பிளேடு நுழையும் பக்கத்திலிருந்தே நிழல் வந்தால் பிளேடு குவியத்தைத் தாண்டிப் போயிருக்கிறது, முதல் லென்ஸை நோக்கி இழுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் குவியத்துக்கு முன்னால் இருக்கிறது. சரியான இடத்தில் இருந்தால் எந்தப் பக்கமும் இல்லாமல் வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மங்கி அணையும். தொலைநோக்கியின் கண்ணாடி தேய்ப்பவர்கள் ஃபூக்கோ காலத்திலிருந்து செய்துவரும் பிளேடு சோதனைதான் இது. நமக்கும் அப்படியே பொருந்துகிறது.

இந்தச் சோதனை சரியாக வந்த பிறகும் வடிகட்டி எதையும் மாற்றவில்லை என்றால் ஒளி மூலத்தைப் பாருங்கள். லேசருக்குப் பதில் எல்இடி வைத்திருந்தால், அதன் ஒளிரும் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் தனக்கென்று ஒரு நிறமாலையைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடும். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும்.

உள்ளீட்டை முதல் லென்ஸிலிருந்து மிகச் சரியாக 200 மி.மீ.இல் வைக்கவில்லையே என்று சிலர் கவலைப்படுவார்கள். புள்ளிகளின் பிரகாசத்தை மட்டும் பார்ப்பதானால் அது பெரிய விஷயமில்லை. கடைசிப் படம் கொஞ்சம் முன்பின் நகரும், கேமராவை நகர்த்திக்கொள்ளலாம்.

"பாவை எடுக்கப் போய் ஊடை போய்விட்டது"

நெட்டாக நிற்கும் இழைகள் கிடைமட்ட வரிசையில் புள்ளி போடும். பாவு நெட்டாக இருக்கிறது, அதை நீக்க வேண்டும் என்றால் கிடைமட்ட வரிசையை மறைக்க வேண்டும், நடுப்புள்ளியை விட்டுவிட்டு. பிளவுத்தகட்டை (நடுவில் மெல்லிய நீளப் பிளவு உள்ள தகட்டை) நெட்டாக வைத்தால் பாவு போய் ஊடை மிஞ்சும். கிடையாக வைத்தால் நேர்மாறு. 1906இல் போர்ட்டர் கம்பி வலையை வைத்துச் செய்து காட்டியது இதைத்தான். அதற்கு முன்பே, 1873இல் எர்ன்ஸ்ட் அபே மைக்ரோஸ்கோப்பில் படம் எப்படி உருவாகிறது என்பதற்கு இதே அடிப்படையில் விளக்கம் கொடுத்துவிட்டார்.

"படம் தலைகீழ்"

இருக்கட்டும். ஃபூரியர் மாற்றத்தை இரண்டு முறை செய்தால் படம் இடம் வலமும் மேல் கீழும் மாறித்தான் வரும். கேமராவில் திருப்பிக்கொள்ளுங்கள். துணியின் சின்ன மூலை மட்டும் தெரிவதும் அப்படித்தான். 4.8 மி.மீ. அகலமுள்ள சென்சாரில், உருப்பெருக்கம் ஒன்று என்கிறபோது, வேட்டித் துணியின் 15 இழைகள்தான் தெரியும். இரண்டாவது லென்ஸைக் குறைந்த குவிய தூரத்துக்கு மாற்றினால் அதிகம் தெரியும்.

"நடுப்புள்ளியை மறைத்தேன், கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் மாறிவிட்டது"

இந்தப் புகாரோடு வருபவர்கள் பெரும்பாலும் அதற்குள் லென்ஸ்களைக் கலைத்துவிட்டிருப்பார்கள். தேவையே இல்லை. மேசை கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறது.

நடுப்புள்ளி என்பது மொத்தப் படத்தின் சராசரி வீச்சு (ஒளியலையின் உயரம்). அதை மறைத்தால் படத்திலிருந்து சராசரியைக் கழித்ததாக அர்த்தம். வலையில் திறப்புக்கு 1, இழைக்கு 0 என்று வையுங்கள். பரப்பில் 60 சதவீதம் திறப்பு என்றால் சராசரி 0.6. கழித்த பிறகு திறப்பில் மிஞ்சுவது 0.4, இழையில் மைனஸ் 0.6. கேமராவுக்கு மைனஸ் தெரியாது, அது வீச்சின் வர்க்கத்தைத்தான் பார்க்கும். திறப்பில் 0.16, இழையில் 0.36. இழை பிரகாசம், திறப்பு மங்கல். அதாவது தலைகீழாகிவிட்டது. திறப்பு 30 சதவீதம்தான் என்றால் 0.49, 0.09 என்று வரும், மாறாது. சரியாகப் பாதி என்றால் இரண்டுமே 0.25, படமே காணாமல் போய், இழையின் ஓரங்களில் மெல்லிய கருப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும். நேரில் பார்க்கும்போது யாருக்கும் மேசையில் கோளாறு என்றுதான் தோன்றும்.

வலையின் திறப்பு விகிதத்தை மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்து அளந்து, எது பிரகாசமாக வரவேண்டும் என்று முதலில் காகிதத்தில் எழுதிவையுங்கள். அப்புறம் நடுப்புள்ளியை மறையுங்கள். கணக்கும் படமும் ஒத்துப்போனால் மேசையைத் தொடாதீர்கள்.

ஓரங்களை எடுத்துக் காட்டும்போது ஒவ்வொரு ஓரமும் இரட்டைக் கோடாக, நடுவே கருப்போடு வருவதும் இதே காரணத்தால்தான். ஓரத்தின் ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். வர்க்கமெடுத்தால் இரண்டும் வெளிச்சம். ஒளியால் கணக்குப் போடும் எந்த மேசைக்கும் இந்தத் தொல்லை உண்டு. உள்ளே குறியோடு கணக்கு நடக்கும், வெளியே குறியில்லாமல்தான் விடை வரும். குறி வேண்டுமென்றால் நடுப்புள்ளியை முழுவதும் மறைக்காமல் மங்கலாக்க வேண்டும். மிஞ்சும் சராசரி எல்லா மைனஸையும் பிளஸ் பக்கம் தூக்கிவிடும். 1953இல் பிரான்சில் மாரெஷாலும் குரோஸும் மங்கலான புகைப்படங்களைக் கூர்மையாக்கியபோது குறைந்த அதிர்வெண்களை, அதாவது நடுவை ஒட்டி விழும் ஒளியை, இப்படித்தான் தணித்தார்கள்.

மறைக்கும் பொட்டை எப்படிச் செய்வது? மைக்ரோஸ்கோப் கவர் ஸ்லிப்பில் 0.4 மி.மீ. கருப்பு பெயின்ட் பொட்டு போதும். சிவப்பு மார்க்கர் வேண்டவே வேண்டாம், சிவப்பு லேசர் அதை ஊடுருவிப் போய்விடும். மங்கலாக்க வேண்டுமானால் விளக்குக் கரி படிந்த மெல்லிய பொட்டு. ஃபிலிம் துண்டை வெட்டி ஒட்டினால் அதன் தடிமன் நடுப்புள்ளியின் ஒளியை மட்டும் தாமதப்படுத்தும், கணக்கு வேறாகிவிடும். கவர் ஸ்லிப்பின் ஓரம் நிறமாலைக்குக் குறுக்கே போகக்கூடாது. போனால் படம் மேடு பள்ளமாக, ஒரு பக்கத்திலிருந்து வெயில் அடிப்பதுபோல் தெரியும்.

"படம் ஆடுகிறது, வெளிச்சம் ஏறி இறங்குகிறது"

பக்கத்து வீட்டு விசைத்தறியைத்தான் எல்லோரும் முதலில் திட்டுவார்கள். 4எஃப் மேசையில் எல்லா ஒளியும் ஒரே பாதையில் போகிறது, அதனால் ஹோலோகிராம் எடுப்பதற்கு வேண்டிய அளவு அசையாமை இதற்கு வேண்டியதில்லை. முதலில் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். மே மாத சேலத்தில் அது கொடுமைதான், ஆனால் சூடான காற்று கற்றைக்குக் குறுக்கே ஓடினால் படம் நெளியும். ஒரு நீள அட்டைப்பெட்டியைக் கற்றையின் மேல் கவிழ்த்துவிட்டு விசிறியை மறுபடி போட்டுக்கொள்ளலாம். அப்புறம் தாங்கு தண்டுகளின் ஸ்க்ரூ.

வெளிச்சம் மட்டும் மெதுவாக ஏறி இறங்குகிறது, மேசையில் போலராய்டோ எல்சிடி தகடோ இருக்கிறது என்றால், லேசர் இன்னும் சூடாகவில்லை. முனைவாக்கம் (ஒளியலை அதிரும் திசை) நிலைப்படுத்தப்படாத ஹீலியம்-நியான் குழாய் சூடாகும்போது அதன் மோடுகள் (குழாய்க்குள் ஒரே நேரத்தில் உருவாகும், அலைநீளம் மிகச் சிறிதே வேறுபடும் ஒளிகள்) நகரும், போலராய்டு வழியே பார்த்தால் வெளிச்சம் ஊசலாடும். அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

"ஏற்காட்டுக்குக் கொண்டுபோன பிறகு எல்லாம் மங்கல்"

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியதால் ஊசித்துளை நகர்ந்திருக்கும், அதைச் சரிசெய்வது எதிர்பார்த்த வேலைதான். ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு லேசர் வேலை பார்த்தால் கற்றையே காற்றில் சிவப்புக் கோடாகத் தெரியும். பார்க்க அழகு, அப்படித் தெரியும் ஒளி எல்லாம் சிதறிப்போன ஒளி. ஜன்னலை மூடுங்கள்.

பெரிய தொல்லை இறங்கி வரும்போதுதான். மலையில் குளிர்ந்த லென்ஸைச் சேலத்தின் வெதுவெதுப்பான ஈரக்காற்றில் திறந்தால் அதன் மேல் நீர் படியும். பையை மூடியபடியே அறையில் வைத்து, சூடு சமமான பிறகு திறக்க வேண்டும். மழைக்காலம் முழுக்க லென்ஸ்களை மலையிலேயே வைத்திருந்தால் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்துச் சரியாகாது. ஃபூரியர் தளத்தில் அது நடுப்புள்ளியைச் சுற்றி நிலையான ஒளிவட்டமாகத் தெரியும், உள்ளீட்டை எடுத்துவிட்டாலும் போகாது.

"ஒப்பிடும் வடிகட்டி எதையும் அடையாளம் காணவில்லை"

1964இல் வாண்டர் லக்ட் வெளியிட்ட முறையைச் செய்துபார்க்கும் அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் மேற்சொன்ன எல்லாம் முடிந்திருக்கும். தேட வேண்டிய உருவத்தின் நிறமாலையை, கட்டம் உட்பட, ஹோலோகிராமாகப் பதிந்து வடிகட்டியாக வைப்பது அந்த முறை. உருவம் படத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே வெளியீட்டில் பிரகாசமான உச்சப்புள்ளி வரும்.

உச்சம் வரவில்லையா? பதியும்போது வைத்த அதே தகட்டை உள்ளீட்டில் திரும்ப வையுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் வடிகட்டி இடம் மாறியிருக்கிறது. 11 மைக்ரான் அளவுக்குத் துல்லியமாக நகர்த்தும் ஸ்டேஜ் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. அதற்கு மட்டும் வருகிறது, புதுப்படத்துக்கு வரவில்லை என்றால் உருவம் சில டிகிரி திரும்பியிருக்கும் அல்லது அளவு மாறியிருக்கும். இரண்டையும் இந்த முறை பொறுத்துக்கொள்ளாது. காலையில் வந்தது மதியம் வரவில்லை, மூலம் டயோடு லேசர் என்றால் வெயிலைச் சந்தேகப்படுங்கள். சிவப்பு டயோடின் அலைநீளம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 நானோமீட்டர் நீளும். அறை பத்து டிகிரி சூடானால் நடுவிலிருந்து 3 மி.மீ. தள்ளி இருக்கும் புள்ளி 9 மைக்ரான் வெளியே போய்விடும். பிளவுத்தகட்டுக்கு அது ஒன்றுமில்லை, இந்த வடிகட்டிக்கு அதுவே போதும். பதிவு செய்யும் நேரத்தில் மட்டும் பக்கத்துத் தறி உண்மையிலேயே எதிரி, அதனால் தறி நின்ற பிறகு இரவில் பதியுங்கள்.

இந்த அளவுக்கு ஸ்டேஜும் பொறுமையும் இல்லாதவர்கள் வீவரும் குட்மேனும் 1966இல் சொன்ன வழிக்குப் போகலாம். தேடும் உருவத்தையும் படத்தையும் 5 மி.மீ. இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் உள்ளீட்டில் வையுங்கள். ஃபூரியர் தளத்தில் கேமராவை வைத்து ஒரு படம் எடுங்கள். அதில் 25 மைக்ரான் இடைவெளியில் மெல்லிய குறுக்கீட்டு வரிகள் தெரிய வேண்டும். 3 மைக்ரான் பிக்சல் உள்ள கேமரா அதைத் தாராளமாகப் பிடிக்கும். வரிகள் தெரியவில்லை என்றால் இரண்டு உருவங்களில் ஒன்று கற்றைக்கு வெளியே இருக்கிறது, அல்லது எக்ஸ்போஷர் அதிகம். அந்தப் படத்தைக் கணினியிலோ, எல்சிடியில் போட்டு மேசையிலேயோ இன்னொரு முறை ஃபூரியர் மாற்றம் செய்தால் நடுவில் ஒரு பெரிய புள்ளியும் இரு பக்கமும் இரண்டு சின்ன உச்சங்களும் வரும். நடுவில் இருப்பது எதை வைத்தாலும் வரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பக்கத்து உச்சங்கள்தான் விடை.